கயலிட்ஷாவில் காலை ஐந்து மணி

ஜூலை 16, 2023, ஞாயிறு

நெய்வேலியிலும் கல்பாக்கத்திலும் உறவினர் வீடுகளுக்குப் போய்வந்து பழகிய நமக்கு, 'டவுன்ஷிப்' என்றதும் வரிசையாக நிற்கும் நிழல்மரங்களும், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்களும், நேரம் தவறாமல் ஊதும் சங்கும்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. வெள்ளையர் நகரத்தில் வேலை செய்யலாம், ஆனால் அங்கே குடியிருக்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட கறுப்பின மக்களுக்காக, நகரத்துக்கு வெளியே சட்டம் போட்டு ஒதுக்கிய குடியிருப்புக்கு இங்கே அந்தப் பெயர். கேப் டவுனின் மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வெறும் மணல்மேடுகளாகக் கிடந்த சமவெளியில், 1980-களின் நடுவில் உருவாக்கப்பட்ட கயலிட்ஷா அவற்றுள் ஒன்று. கோசா மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். நம் புதூர், புதுக்குடி போல. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 3,91,749 பேர் வாழ்ந்தார்கள். நாங்கள் விசாரித்தவர்களில் ஒருவர்கூட அந்த எண்ணை நம்பவில்லை; அதைப்போல இரண்டு மடங்காவது இருப்போம் என்கிறார்கள்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றவள். மூன்று மாதங்கள் ஒரு பால்வாடியில் தொண்டூழியம் செய்ய வந்திருக்கிறோம். ஹராரே என்னும் பகுதியில், பேரப்பிள்ளைகளோடு வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கொல்லையில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. அவரை 'மகுலு' என்று அழைக்கிறோம்; பாட்டி என்று அர்த்தம். முதல் நாளே அவர் மூன்று விதிகளைச் சொல்லிவிட்டார். மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் நடக்கக் கூடாது. கைப்பேசியைத் தெருவில் வெளியே எடுக்கக் கூடாது. எங்கே போனாலும் அவருடைய பேரனோ பேத்தியோ கூட வர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பேத்தியின் பாதுகாப்பில் இரண்டு கிழங்கள் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தோம்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் "டர்பனா?" என்று கேட்டார். இந்த நாட்டில் இந்திய முகம் என்றால் டர்பன் நகரம்தான். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். நாங்கள் நேராகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்றபோது, அவ்வளவு தொலைவிலிருந்து இங்கே எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எப்போது திரும்புகிறீர்கள் என்றுதான் கேட்டார்.

இரவில் நாளைய வேலைக்காகப் புதிய நோட்டு ஒன்றில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டேன். பிள்ளைகள் வந்துசேரும் நேரத்தைக் குறிக்க ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அரை மணிக்கு ஒரு கட்டம்.

ஜூலை 17, திங்கள்

நேரத்தோடு போகிறோம் என்ற பெருமையுடன் ஆறரை மணிக்குப் பால்வாடியை அடைந்தோம். ஜூலை இங்கே குளிர்காலம்; சூரியன் உதிக்க ஏழே முக்கால் ஆகிறது. கும்மிருட்டில், மணலில் கால் புதையப் புதைய நடந்து போய்க் கதவைத் திறந்தால், பதிவேட்டிலுள்ள நாற்பத்தாறு பிள்ளைகளில் முப்பத்தொருவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகள் இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் தகரக் கூரை போட்டதுதான் பால்வாடி. ஒரு பெட்டிக்குள் மெத்தைகளை நெருக்கிப் போட்டு, பிள்ளைகளைக் கட்டுக் கட்டாகப் போர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே குளிர், உள்ளே முப்பது பிள்ளைகளின் மூச்சு. இரும்புக் கூரையின் உட்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. சொட்டு விழும் இடங்களில் பிளாஸ்டிக் கிண்ணங்கள் இருந்தன.

பால்வாடித் தலைவி என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏழு மணியில் தொடங்கும் கட்டங்களை விரலால் தடவிவிட்டு, "ஏழு மணிக்கு வரும் பிள்ளையின் அம்மாவுக்கு வேலை இல்லை என்று அர்த்தம்" என்றார்.

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். கடலோரத்தில் ஸீ பாயிண்ட் என்னும் வசதியான பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண், எட்டு மணிக்குள் அங்கே போய் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தயாரிக்க வேண்டும். அதற்கு அவர் டாக்ஸி நிலையத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். டாக்ஸி என்பது நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன், பதினைந்து பேர் நெருக்கி அமரும் வேன். ஆறு மணிக்குமேல் என்-2 நெடுஞ்சாலை நெரிசலில் உறைந்துவிடும். நகர மையத்தில் இறங்கி இன்னொரு வண்டி மாற வேண்டும். இதில் பாதிக் கட்டணத்தில் போய்வர ஒரு ரயில் இருந்தது. தண்டவாளத்துக் கம்பிகள் திருட்டுப்போய், 2019-இல் நின்றுபோன அந்தத் தடம் கயலிட்ஷா வரை இன்னும் உயிர்பெறவில்லை. இந்த ஆண்டு சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 ரேண்டு 42 சென்ட். நம் பணத்தில் ஏறக்குறைய 115 ரூபாய். நகரத்துக்கு ஒருமுறை போகவே கிட்டத்தட்ட ஒரு மணி நேர உழைப்பு கரைந்துவிடுகிறது.

பள்ளியில் எட்டு ஐம்பதுக்கு மணி அடித்ததும் நேரந்தவறி வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்திய கை என்னுடையது. முப்பத்தோர் ஆண்டுப் பழக்கத்தில் நான் கோடு போட்டு வந்த அந்த நோட்டை இன்று பையிலிருந்து எடுக்கவே கூச்சமாக இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

இன்று மண்டேலா பிறந்தநாள். அவர் 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்ததை நினைவுகூர்ந்து, ஒவ்வொருவரும் 67 நிமிடங்கள் பிறருக்காக உழைக்க வேண்டும் என்பது இந்த நாளின் வழக்கம். பத்து மணிக்கு ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரே நிறச் சட்டைகளில் இரண்டு வேன்களில் வந்திறங்கி, இரும்புப் பெட்டியின் வெளிச்சுவரில் மஞ்சள் வண்ணம் பூசினார்கள். சுரண்டிப் பார்த்தேன், மஞ்சளுக்குக் கீழே நீலமும், நீலத்துக்குக் கீழே ஆரஞ்சும் இருந்தன. சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்று தலைவி சிரிப்பில்லாமல் சொன்னார். கூரை சொட்டுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைகள் இரண்டு பாட்டுகள் பாடினார்கள். பதினொன்றே காலுக்கு வேன்கள் கிளம்பிவிட்டன.

67 நிமிடக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டு, மூன்று மாதக்காரியான நான் என்னைப் பற்றி எழுதாமல் இருப்பது நேர்மையாகாது. கடைக்காரர் கேட்ட கேள்வி இருவருக்கும் பொது.

ஜூலை 20, வியாழன்

பிள்ளைகள் என் கணவரை 'டாட்டா' என்றும் என்னை 'மாமா' என்றும் அழைக்கிறார்கள். கோசாவில் அவை அப்பாவும் அம்மாவும்தான். ஆனால் ஒரு டஜன் குழந்தைகள் என் சேலையைப் பிடித்து இழுத்தபடி 'மாமா, மாமா' என்று கத்தும்போது அவருக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. அவருடைய அழைப்பு அவர் காதில் 'தாத்தா' என்றே விழுவதால் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

இந்த மொழியில் நாக்கால் சொடுக்கும் ஒலிகள் மூன்று உண்டு. முதல் ஒலி நாம் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டுவதே. அது எனக்கு எளிதாக வந்துவிட்டது. இன்னொன்று, வண்டிக்காரர் மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்பும் சத்தம். 'கோசா' என்னும் பெயரே உண்மையில் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது, தமிழில் எழுத வழியில்லை. மூன்றாவது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று எடுப்பது. அது எனக்கு வராததால், மதியம் பரிமாறும் உணவின் பெயரை நான் சொல்லும்போதெல்லாம் சமையற்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

அந்த உணவு, உடைத்த சோளமும் பயறும் இரவெல்லாம் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பது. அடுப்பில் அது வேகும் நேரமே இங்கே செலவு. மின்சாரம் முன்பணம் கட்டி வாங்குவது. கடையில் பணம் கொடுத்தால் இருபது இலக்க எண் ஒன்று தருவார்கள், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். அதுவும் போதாதென்று நாட்டில் மின்பற்றாக்குறை. ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டரை மணி நேரம் விளக்கு அணைகிறது. 2012-இல் தமிழ்நாட்டில் பட்ட மின்வெட்டுப் பாட்டை நினைத்துக்கொண்டு நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் நம் ஊரில் மின்சாரம் போனால் மொட்டை மாடிக்குப் போவோம். இங்கே இருட்டில் கதவைத் தாழிடுகிறார்கள். சோளக் களியை உதிர்த்துப் புளித்த பாலை ஊற்றித் தருவதும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் அது தயிர்ச்சோறு. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில் மகுலுவுக்கு என்மீது மதிப்பு கூடியது.

மாலையில் ஒரு படிவத்துக்காகத் தலைவி என் கணவரின் பெயரைக் கேட்டார். நான் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்களுமா?" என்றார். கோசாப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகு மாமனார் முதலான புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லுவதில்லை. அந்தப் பெயரிலுள்ள அசை வேறெந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையும் தவிர்த்து, மாற்றுச் சொல் தேடிப் பேசுவது மரபாம். ஆறுமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் ஆறு என்று எண்ணாமல் 'ஐந்தும் ஒன்றும்' என்று எண்ணிய நம் ஊர்க் கதையை நான் சொன்னேன். இரண்டு பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இளம்பெண்கள் இப்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றார் அவர். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

எதிர்வீட்டில் சாவு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, பிரார்த்தனையும் பாட்டுமாக மாலைவரை நடந்தது. இங்கேயே பிறந்தவர்களுக்கும் 'ஊர்' என்றால் கிழக்குக் கேப் மாகாணந்தான். உடலும் அங்கேதான் போக வேண்டும். இருட்டத் தொடங்கும்போது சவ வண்டியும் பின்னால் ஒரு பேருந்தும் கிளம்பின. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் ஓடி, காலையில் அடக்கம், மறுநாள் திரும்புதல். திங்கள்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் மறுபடியும் டாக்ஸி வரிசையில் நிற்பார்கள்.

செலவு முழுவதும் மரண உதவிச் சங்கத்தின் பணம். சங்கத்தின் பொருளாளர் அம்மாள் வைத்திருக்கும் பழைய கணக்குப் புத்தகத்தைக் கண்ட என் கணவர், கணினியில் ஏற்றித் தரட்டுமா என்று ஆசையோடு கேட்டார். அந்த அம்மாள் பணிவாக மறுத்துவிட்டார். மாதந்தோறும் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தை வரி வரியாக உரக்கப் படிக்கிறார்களாம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்களும் கேட்டுத் தலையாட்டினால்தான் அடுத்த வரி. இதைவிட நல்ல தணிக்கையை முப்பது ஆண்டு வங்கி வேலையில் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்.

ஜூலை 27, வியாழன்

கணவரின் வேலை பால்வாடியைப் பதிவு செய்யும் கோப்பு. பதிவு பெற்றால் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு 17 ரேண்டு அரசு மானியம் கிடைக்கும். நாற்பத்தாறு பிள்ளைகளுக்கும் கிடைத்தால் நாளுக்கு 782 ரேண்டு. மாதத்துக்கு இருபத்திரண்டு நாள் என்று வைத்தால் 17,204. கூரையை மாற்றவும், மூன்று பணிப்பெண்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் தரவும் அது போதும். இப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 350 ரேண்டு கட்டணம் வாங்குகிறார்கள். அரசு தரும் குழந்தை உதவித்தொகையே மாதம் 500 ரேண்டுதான் என்பதால், அதையும் பாதிப் பேரால் முழுதாகக் கட்ட முடிவதில்லை.

பதிவு ஏன் கிடைக்கவில்லை என்றால், நிலம் பொது நிலம். நிலம் சொந்தமில்லாததால் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் இல்லை. வரைபடம் இல்லாததால் தீயணைப்புச் சான்று முதலானவை இல்லை. அவை இல்லாததால் பதிவு இல்லை. இவர் கோப்பை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் படித்துவிட்டார். மூன்று மாதத்தில் முடிகிற வேலையல்ல. முடியாது என்று தெரிந்த பிறகும் தினமும் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வேறு யாராவது வந்தால் தேட வேண்டியதில்லை என்கிறார்.

ஆகஸ்ட் 3, வியாழன் (எழுதுவது மறுநாள் காலை)

நேற்று மாலை நான்கு மணிக்குத் தலைவியின் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை. வண்டிகளைப் பறிமுதல் செய்வது தொடர்பாக நகராட்சியோடு எழுந்த தகராறில், டாக்ஸிகள் அந்தக் கணத்திலிருந்தே வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. காலையில் டாக்ஸியில் ஏறிப் போனவர்கள் எல்லாரும் நகரத்தில் இருந்தார்கள். திரும்ப வண்டி இல்லை.

ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் வழக்கமாகக் காலியாகிவிடும் பால்வாடியில், ஏழு மணிக்கு இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து பாட்டிகளும் அத்தைகளும் வந்து சிலரை அழைத்துப் போனார்கள். யாரும் வராத பதினான்கு பேரைத் தலைவி எண்ணிக் கதவைச் சாத்தினார். எங்களைத் தேடி மகுலுவின் பேரன் வந்தான். இன்று ஆறு மணி விதி ரத்து, நீங்கள் அங்கேயே இருங்கள் என்று பாட்டி சொல்லியனுப்பியிருந்தார், ஒரு பெரிய பாத்திரம் நிறைய சோளமும் பயறுமாக.

ஒரு பெண் என்-2 சாலையோரமாக நடந்து வருவதாகச் சொன்னாள். இன்னொருத்தி பேருந்துக்குக் காத்திருந்து, வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லாமல் அவளும் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஸீ பாயிண்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு எஜமானி பொருள்கள் போட்டுவைக்கும் அறையில் படுக்க இடம் கொடுத்துவிட்டாராம். அவளுடைய மூன்று வயது மகள் என் மடியில் இருந்தாள். கைப்பேசியை அவள் காதில் வைத்தோம். அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குழந்தை ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தது.

அழாத பிள்ளைகளே அதிகம். மெத்தை விரித்தால் தூங்க வேண்டும், கண் விழித்தால் அம்மா இருக்கமாட்டாள் என்பது அவர்களுக்குக் காலைதோறும் நடப்பதுதான். எங்களுக்குத்தான் அது புதிது.

ஒன்பதே முக்காலுக்கு முதல் தாய் வந்தாள், காலணிகளைக் கையில் பிடித்தபடி. வழியில் ஒரு சிறிய லாரியின் பின்புறத்தில் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார்கள், மற்றதெல்லாம் நடைதான் என்றாள். என் கணவர் வெந்நீர் வைத்தார். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டே கால் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த நேரத்தில் தனியாகத் தெருவில் போக முடியாது. பிள்ளையின் அருகிலேயே ஈர மெத்தையில் படுத்து உறங்கினார்கள். விடியும்போது இரும்புப் பெட்டிக்குள் பதினான்கு பிள்ளைகளும் ஒன்பது தாய்மார்களும் இருந்தார்கள். கிண்ணங்களில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

வேலைநிறுத்தம் தொடர்கிறது. பேருந்துகள் சில எரிக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. கடைகளில் ரொட்டி இல்லை. பால்வாடிக்கு இன்று ஏழு பிள்ளைகள். அவர்களும் எட்டு மணிக்குமேல் வந்தார்கள். தாய்மார்கள் வீட்டில் இருக்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்று சிலருக்குத் தகவல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

பெண்கள் தினம், அரசு விடுமுறை. அனுமதிப் புத்தகம் இல்லாமல் கறுப்பினப் பெண்கள் நகரத்தில் நடமாடக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து, 1956-இல் இதே நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள்.

மகுலுவுக்கு அப்போது ஏழு வயது. 1970-களில் கணவரைத் தேடி அவர் கேப் டவுன் வந்தார். கணவர் லங்கா என்னும் இன்னொரு டவுன்ஷிப்பில், ஆண்கள் மட்டும் தங்கும் விடுதியில் ஒரு கட்டிலுக்குச் சொந்தக்காரர். மனைவி அங்கே இருக்கக் கூடாது. இரண்டு முறை கைதாகி ஊருக்கு ரயிலேற்றப்பட்டு, இரண்டு முறையும் அடுத்த ரயிலில் திரும்பியிருக்கிறார். பிறகு கிராஸ்ரோட்ஸ் என்னும் குடிசைப்பகுதியில் கணவரோடு குடியேறினார். 1986-இல் அனுமதிப் புத்தகச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கிராஸ்ரோட்ஸ் கொளுத்தப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் விரட்டப்பட்டார்கள். "சட்டம் போன வருடமே வீடும் போயிற்று. இந்த மணலுக்கு வந்தோம்" என்றார்.

அப்போது இங்கிருந்து வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, "இதே நேரம்தான்" என்றார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நேற்று மாலை வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இன்று நாலரை மணிக்கு டாக்ஸிகளின் ஹாரன் எங்களை எழுப்பியது. மகுலுவின் பேரன் டார்ச்சோடு முன்னே நடக்க, நாங்கள் பின்னே போனோம். போன வாரக் கட்டணத்தைக் கழிப்பதா வேண்டாமா என்று தலைவியும் என் கணவரும் நேற்றெல்லாம் கணக்குப் போட்டு, கடைசியில் பாதியைக் கழிப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கான சீட்டுகளை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பூட்டைத் திறந்தபோது மணி நான்கு ஐம்பத்தைந்து. ஸீ பாயிண்ட் பெண் ஏற்கெனவே கதவருகே நின்றிருந்தாள். போர்வைக்குள் சுருண்டிருந்த மகளை என் கையில் கொடுத்துவிட்டு, கழித்த சீட்டை வாங்கக்கூட நிற்காமல் வரிசைக்கு ஓடினாள். குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி அளவுகோலை வைத்தேன். முதல் கட்டத்துக்கு மேலே நாலரை என்று எழுதினேன்.